எழுதிய எண் பேச வேண்டும்: செவிலியர் பட்டப்படிப்பில் பலன் தரும் கற்பித்தல் முறைகள்

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவரின் குறிப்புத்தாளை எடுத்துக்கொள்வோம். காலை 10 மணிக்கு நாடித்துடிப்பு 88, இரத்த அழுத்தம் 116/74. 10.30 மணிக்கு 100, 114/76. 11 மணிக்கு 116, 112/80. இரண்டு முறை தண்ணீர் கேட்டார் என்றும், படுக்கையில் நிலைகொள்ளாமல் புரண்டுகொண்டிருக்கிறார் என்றும் பயிற்சிக்கு வந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஓரத்தில் எழுதியிருக்கிறார். எண்கள் எல்லாம் சரியாக அளக்கப்பட்டவை, கையெழுத்தும் தெளிவு. ஆனால் எழுதி முடித்ததும் அவர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். ஸ்டாஃப் நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உடலுக்குள் எங்கோ இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம் என்று அந்தத் தாள் எச்சரிக்கிறது. இழப்பை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; அதனால்தான் இரத்த அழுத்தத்தின் மேல் எண் பெரிதாக இறங்கவில்லை, கீழ் எண் சற்று ஏறியும் இருக்கிறது, இரண்டுக்கும் உள்ள இடைவெளி 42-லிருந்து 32-ஆகக் குறுகியிருக்கிறது. மேல் எண் இறங்கட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். இதே மாணவியிடம் தேர்வில் ‘இரத்தக்கசிவால் வரும் அதிர்ச்சி நிலையின் அறிகுறிகளை எழுதுக’ என்று கேட்டால் ஒன்றுவிடாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். படித்தது அவரிடம் இருக்கிறது. படுக்கையருகில் அது அவருக்குக் கைகொடுக்கவில்லை. இந்த இடைவெளியை எப்படிக் குறைப்பது என்பதே செவிலியர் கல்வியில் கற்பித்தல் முறை பற்றிய பேச்சின் மையம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990-இல் இந்த இடைவெளியை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். ஒன்றை அறிந்திருப்பது முதல் படி. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அறிந்திருப்பது இரண்டாவது. பயிற்சிச் சூழலில் செய்து காட்டுவது மூன்றாவது. அன்றாடப் பணியில், யாரும் கவனிக்காதபோதும் செய்வது நான்காவது. கூம்பு வடிவில் வரையப்படும் இந்தப் படத்தை ‘மில்லர் பிரமிடு’ என்பார்கள். நம் வகுப்பறைகள் பெரும்பாலும் முதல் படியிலேயே உழைத்துவிட்டு, மாணவர் நான்காவது படியில் நிற்பார் என்று எதிர்பார்க்கின்றன. எந்த முறையைப் பற்றிப் பேசினாலும், அது மாணவரை எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு ஏற்றுகிறது என்று கேட்டுக்கொண்டால் அந்த முறையின் மதிப்பு தெரிந்துவிடும்.

இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு 1946-இல் டெல்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-லேயே செவிலியர் பயிற்சிப் பள்ளியை நடத்தத் தொடங்கியிருந்ததால், பட்டப்படிப்புக்கு அங்கே அடித்தளம் ஏற்கெனவே இருந்தது. இன்று பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. இந்திய செவிலியர் குழுமம் திருத்தி வெளியிட்டு 2021–22 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் அதை எட்டு பருவங்களாகப் பிரித்தது. மாணவர் எதைப் படித்தார் என்பதைவிட எதைச் செய்ய வல்லவர் ஆனார் என்பதை அளவுகோலாக வைக்கச் சொன்னது. நல்ல மாற்றம். ஆனால் பாடத்திட்டம் மாறியதால் மட்டும் வகுப்பறை மாறிவிடாது. மாற்ற வேண்டியவர் ஆசிரியர்.

வகுப்பறையிலிருந்தே தொடங்கலாம். விரிவுரை தீய முறை அன்று. அறுபது பேருக்கு இதயத்தின் மின்னோட்டத்தை விளக்க அதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. விரிவுரை கெட்டுப்போவது, ஆசிரியர் திரையில் உள்ளதை வாசிக்க, மாணவர்கள் அதை நோட்டில் இறக்கிக்கொள்ள, ஒரு மணி நேரத்தில் ஒருவர்கூட ஒரு முடிவும் எடுக்காமல் எழுந்து போகும்போதுதான். அதைச் சரிசெய்யப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. மேலே சொன்ன குறிப்புத்தாளை வகுப்பின் முதல் நிமிடமே கரும்பலகையில் எழுதி, ‘11 மணிக்கு நீங்கள் அங்கே நிற்கிறீர்கள், என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசவிட்டால் போதும். தவறான விடைகள் வரட்டும். அதற்குப் பிறகு அதிர்ச்சி நிலையைப் பற்றி நடத்தும் பாடத்தை, ஒரு கேள்விக்கு விடை தேடுகிறவராக மாணவர் கேட்பார்.

படித்ததை நினைவில் நிறுத்துவதற்கும் எளிய வழி ஒன்று உண்டு. ரோடிகர், கார்பிகி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள்; ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. தேர்வுக்கு முந்தைய இரவு மஞ்சள் பேனாவால் கோடிட்டபடி படிக்கும் மாணவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற உணர்வு வருவதும், மூன்றாம் ஆண்டில் அதெல்லாம் மறந்துபோயிருப்பதும் இதனால்தான். ஆகவே ஒவ்வொரு வகுப்பையும் போன வாரப் பாடத்திலிருந்தும் போன மாதப் பாடத்திலிருந்தும் மூன்று கேள்விகளோடு தொடங்குவது, அதற்கு மதிப்பெண் போடாமல் விடுவது, விடையை உடனே சொல்லிவிடுவது ஆகிய மூன்றையும் விடாமல் செய்யும் ஆசிரியர், ஒரு பருவத்திற்குள் பலனைக் காண்பார்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாடநூல்கள் இதைத் தொடுவதில்லை. நம் மாணவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்துவிட்டு, நான்கு ஆண்டுகள் ஆங்கிலத்தில் செவிலியம் படிக்கிறார்கள். படித்ததைத் தமிழ் பேசும் நோயாளியிடம் பயன்படுத்துகிறார்கள். நெஞ்சுவலிக்கான நான்கு காரணங்களை ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சொல்லும் மாணவரிடம் வந்து எந்த நோயாளியும் அந்தச் சொற்களில் பேசப்போவதில்லை. ‘நெஞ்சு கரிக்குது’ என்பார். ‘வாயு பிடிச்சிருக்கு, ஒரு சோடா குடிச்சாச் சரியாப்போயிடும்’ என்பார். ‘மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது’, ‘கிறுகிறுன்னு வருது’, ‘கைகால் ஓய்ஞ்சு போச்சு’, ‘சூடு பிடிச்சுக்கிச்சு’ என்பார். ஐம்பத்தைந்து வயதான, சர்க்கரை நோய் உள்ள ஒருவர் ‘வாயு’ என்று சொல்லும்போது அது உண்மையிலேயே செரிமானக் கோளாறாக இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பின்போது வழக்கமான வலி தெரியாமலே போகலாம் என்பதைப் படித்த மாணவர், அதை இந்த ‘வாயு’ என்ற சொல்லோடு பொருத்திப் பார்க்கப் பழகியிருக்க வேண்டும்.

இதற்கு நான் பெரிதும் நம்பும் பயிற்சி ஒன்று உண்டு. வார்டிலிருந்து திரும்பும் ஒவ்வொரு மாணவரும் அன்று நோயாளி சொன்ன ஒரு தொந்தரவை, நோயாளியின் வாய்ச்சொல்லிலேயே ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும். பெயரோ படுக்கை எண்ணோ கூடாது. வகுப்பில் சீட்டுகளைக் கலந்து எடுத்து, இந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை காரணங்கள் இருக்கலாம், அவற்றுள் உடனே உயிருக்கு ஆபத்தானது எது, அதை உறுதி செய்யவோ விலக்கவோ அடுத்து என்ன கேட்க வேண்டும், எதை அளக்க வேண்டும் என்று பேசுவோம். அடுத்த கேள்வியைத் தமிழிலேயே கேட்டுப் பழக வேண்டும். ‘எப்போலருந்து?’, ‘படி ஏறும்போது அதிகமாகுதா?’, ‘இடது கைக்கு, தாடைக்குப் பரவுதா?’, ‘வேர்த்துக்கொட்டுச்சா?’ என்ற நான்கு கேள்விகளைத் தடுமாறாமல், மிரட்டாமல், பாட்டியின் கண்ணைப் பார்த்துக் கேட்கத் தெரிந்த மாணவர், ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் எழுதுபவரைவிட அந்தப் பாட்டிக்குப் பயன்படுவார். ஆங்கிலக் கலைச்சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குறிப்பேடும் மருத்துவரோடு பேசுவதும் அந்தச் சொற்களில்தான் நடக்கின்றன. இரண்டு மொழிக்கும் இடையே போய்வரும் பாலத்தைக் கட்டித் தருவதும் ஆசிரியரின் வேலை என்பதே என் எண்ணம்.

அடுத்தது செய்முறைக் கூடம். செவிலியர் மாணவர்கள் பொம்மையில் பழகும் வழக்கம் நூறாண்டுக்கும் மேல் பழையது. 1911-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனைப் பயிற்சிப் பள்ளிக்காக, ரோட் ஐலண்டில் குழந்தைகளுக்குப் பொம்மை செய்துவந்த மார்த்தா சேஸ் என்பவரின் நிறுவனம் ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தது; மாணவிகள் அதை ‘திருமதி சேஸ்’ என்றே அழைத்தார்கள். இதயத்துடிப்பு நின்றவருக்கு முதலுதவி பழக இன்றும் உலகெங்கும் பயன்படும் ‘ரெசஸி ஆன்’ பொம்மையை 1960-இல் உருவாக்கிய நார்வேயின் ஆஸ்மண்ட் லேர்டாலும் விளையாட்டுப் பொம்மை செய்தவரே.

பொம்மையில் ஒரு செயலைப் பழகுவது ஒன்று; சிமுலேஷன் எனப்படும் பாவனைச் சூழல் பயிற்சி வேறொன்று. ஊசி போடுவது, சிறுநீர்க் குழாய் செருகுவது போன்ற செயல்களில் ஆசிரியர் செய்து காட்ட, மாணவர் திருப்பிச் செய்கிறார். சிமுலேஷனில் மாணவருக்கு ஒரு நிலைமை தரப்படுகிறது. அதில் எதைச் செய்வது என்று அவரே முடிவெடுக்க வேண்டும். அமெரிக்காவில் பத்து செவிலியர் கல்வித் திட்டங்களில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான பெரிய ஆய்வில், மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை தரமான சிமுலேஷனாக மாற்றியபோதும் மாணவர்களின் திறனில் குறைவு காணப்படவில்லை. ‘தரமான’ என்ற சொல்தான் இதில் முக்கியம். கூடம் நிறைய விலையுயர்ந்த பொம்மை வாங்கி வைத்து, ஆய்வுக்குழு வரும்போது மட்டும் உறையைக் கழற்றினால் அந்தப் பலன் வராது. அதே சமயம், விலை உயர்ந்த பொம்மை இல்லாததால் சிமுலேஷன் நடத்த முடியாது என்பதும் சரியன்று. ஒரு கட்டில், நோயாளியாக நடிக்க ஒரு மாணவி, ஆசிரியர் சில நிமிடத்துக்கொருமுறை நீட்டும் எண்கள் எழுதிய அட்டை இருந்தால், தொடக்கத்தில் பார்த்த குறிப்புத்தாளை அப்படியே உயிரோடு நடத்திக் காட்டலாம்.

சிமுலேஷனின் உண்மையான பாடம் அது முடிந்த பிறகு, வட்டமாக உட்கார்ந்து பேசும்போதுதான் நடக்கிறது. பத்து நிமிடப் பயிற்சிக்கு இருபது நிமிடப் பேச்சு என்பது தாராளம் அன்று, தேவை. இங்கேதான் நம்மில் பலரும் தவறுகிறோம்: ‘நாடி ஏறுகிறதே, ஏன் சொல்லவில்லை? படித்தீர்களா இல்லையா?’ என்று கேட்டுவிடுகிறோம். மாணவி தலைகுனிந்து ‘ஸாரி மேம்’ என்பார், பேச்சு முடிந்துவிடும். கண்டதைச் சொல்லி, பிறகு எண்ணத்தைக் கேட்பதே நல்ல வழி. ‘பத்தரை மணிக்கு 100 என்று எழுதினீர்கள், சற்று நின்று தாளைப் பார்த்தீர்கள், பிறகு நகர்ந்துவிட்டீர்கள். அந்த நொடியில் மனத்தில் என்ன ஓடியது?’ என்று கேட்டுவிட்டு, உண்மையாகவே காத்திருக்க வேண்டும்.

வரும் பதில் எதுவாகவும் இருக்கலாம். ‘ஆபரேஷன் வலியால் நாடி கூடியிருக்கும் என்று நினைத்தேன் மேம்’ என்று ஒரு மாணவி சொன்னால், அவர் கவனித்திருக்கிறார், பொருள் கொண்டதில்தான் பிழை. வலியால் கூடும் நாடிக்கும் இரத்தக்கசிவால் கூடும் நாடிக்கும் வேறுபாடு காண என்னென்ன பார்க்கலாம் என்பது அவருக்கான பாடம். கட்டு நனைந்திருக்கிறதா, கைகால் சில்லிட்டிருக்கிறதா, சிறுநீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லித் தர வேண்டும். ‘பிபி நார்மலாகத்தானே இருந்தது’ என்று இன்னொருவர் சொன்னால், தனித்தனி எண்ணைப் பார்த்துப் பழகியவருக்குப் போக்கைப் பார்க்கக் கற்றுத்தர வேண்டும். ‘தெரிந்தது மேம், ஆனால் சிஸ்டர் வேலையாக இருந்தார்கள், திட்டுவார்களோ என்று பயந்தேன்’ என்று மூன்றாமவர் சொல்லலாம். அவருக்கு உடலியங்கியலை மறுபடி நடத்துவது வீண். அவருக்குத் தேவை சொல்லும் முறை. மூன்று பேரும் செய்த பிழை ஒன்று, காரணம் மூன்று. கேட்காமல் எந்த ஆசிரியராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

சொல்லும் முறைக்கும் பழகிய வடிவம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி மருத்துவமனைகளுக்கு வந்த ‘எஸ்பார்’ முறையில், நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, நான் வேண்டுவது என்று நான்கு பகுதிகளில் செய்தியைச் சொல்ல வேண்டும். ‘சிஸ்டர், ஆறாம் பெட் நோயாளியின் நாடி ஒரு மணி நேரத்தில் 88-லிருந்து 116 ஆகியிருக்கிறது. காலையில் ஆபரேஷன் முடிந்து வந்தவர். உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. இப்போதே வந்து பாருங்கள், டாக்டரையும் கூப்பிட வேண்டும்.’ அரை நிமிடம்கூட ஆகாது. மூன்றாவது வாக்கியத்தைச் சொல்வதுதான் நம் மாணவர்களுக்குக் கடினம். பெரியவர்களிடம் தன் கருத்தைச் சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அதைக் கூடத்தில் பத்துமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் வார்டில் ஒருமுறை வாய் திறக்கும்.

மருந்துக் கணக்கைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். 500 மில்லி சலைன் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும், குழாய்த் தொகுதி மில்லிக்கு 20 சொட்டு விடுவது என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்து நிமிடத்துக்கு 42 சொட்டு என்று கொள்கிறோம். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் நான்கு மணியை நிமிடமாக மாற்ற மறந்து 2,500 என்று விடை எழுதிவிட்டுப் பேசாமல் இருப்பார். முதலில் முழுதும் செய்த கணக்கு, பிறகு கடைசி வரி விடுபட்ட கணக்கு, அதற்குப் பிறகு வெறும் கேள்வி என்று படிப்படியாகக் கைத்தாங்கலைக் குறைப்பது ஒரு வழி. அதோடு ஒவ்வொரு விடைக்குப் பின்னும் ‘இந்த வேகத்தில் சொட்டு விழுந்தால் கண்ணால் எண்ண முடியுமா?’ என்று கேட்கப் பழக்க வேண்டும். கணக்கை வகுப்பில் தாளில் போடுவதோடு நிறுத்தாமல், கையில் கடிகாரமும் எதிரே தொங்கும் சலைன் பாட்டிலுமாக, குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையைத் திருகி அந்த 42 சொட்டை வரவழைக்கச் செய்தால் எண்ணுக்கு உருவம் கிடைத்துவிடும்.

இனி வார்டு. இங்கே என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் குறையை மறைக்காமல் சொல்கிறேன். பல இடங்களில் மாணவர்களுக்கு நோயாளியைக் கொடுப்பதில்லை, வேலையைக் கொடுக்கிறார்கள். ஒருவர் முப்பது பேருக்கும் காய்ச்சல் பார்க்கிறார், ஒருவர் முப்பது பேருக்கும் பிபி பார்க்கிறார், ஒருவர் படுக்கை விரிக்கிறார். வார்டு நிர்வாகத்துக்கு இது வசதி. ஆள் பற்றாக்குறையும் உண்மை. ஆனால் முப்பது பேரின் நாடியை மட்டும் அளந்தவர் ஒரு மனிதரின் கதையைக்கூடத் தொடர்ந்து பார்ப்பதில்லை. தொடக்கத்தில் பார்த்த மாணவி அடுத்த படுக்கைக்கு நகர்ந்துபோனதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். ஒரு மாணவருக்கு இரண்டே நோயாளிகளைக் கொடுத்து, அவர்களைப் பற்றிய எல்லாவற்றுக்கும் அவரையே பொறுப்பாக்கினால், காலையில் சாப்பிட்டவர் மதியம் ஏன் சாப்பிடவில்லை என்று அவராகவே கேட்கத் தொடங்குவார்.

கிறிஸ்டின் டேனர் என்ற அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் 2006-இல், நோயாளியின் நிலை பற்றிச் செவிலியர் எடுக்கும் முடிவு நான்கு கட்டங்களில் அமைகிறது என்று விளக்கினார்: கவனித்தல், பொருள் கொள்ளுதல், செயல்படுதல், செய்ததைத் திரும்பிப் பார்த்தல். வார்டுக்குள் நுழையும் முன் பத்து நிமிடம் கூடி, ‘உங்கள் நோயாளிக்கு இன்று நடக்கக் கூடாத ஒன்று எது? அது நடக்கத் தொடங்கினால் முதலில் எது மாறும்?’ என்று கேட்டால் கவனித்தலுக்கு மாணவரைத் தயார் செய்கிறோம். முடிந்த பின் பத்து நிமிடம் கூடி, ‘எதிர்பார்த்தது எது, கண்டது எது?’ என்று கேட்டால் திரும்பிப் பார்த்தல் நடக்கிறது. இடையில் ஆசிரியர் செய்ய வேண்டியது, தான் நினைப்பதை வாய்விட்டுச் சொல்வது. இருபது ஆண்டு அனுபவமுள்ளவருக்கு நோயாளியைப் பார்த்ததுமே ‘ஏதோ சரியில்லை’ என்று தோன்றிவிடும். ஆனால் எப்படித் தோன்றியது என்று அவர் சொன்னால் ஒழிய மாணவருக்கு அது மந்திரமாகவே இருக்கும். ‘இவர் முகம் வெளிறியிருக்கிறது பாருங்கள், நேற்று எழுந்து உட்கார்ந்தவர் இன்று தலையணையை விட்டு எழவில்லை, அதனால் நான் சிறுநீர்ப் பையைப் பார்க்கப் போகிறேன்’ என்று (நோயாளியின் காதுக்கு எட்டாமல்) சொல்லிக்கொண்டே நடந்தால், அனுபவம் கண்ணுக்குத் தெரியும் பொருளாகிவிடுகிறது.

கேர் பிளான், அதாவது நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம், எழுதுவது இந்தச் சிந்தனைக்காகத்தான் வந்தது. முன்னவர்களின் கோப்பிலிருந்து நாற்பது பக்கம் பார்த்து எழுதும் சடங்காக அது மாறியிருப்பது வருத்தத்துக்குரியது. ஒரே ஒரு தாளில், நடுவில் நோயாளியின் நிலையை எழுதி, அதிலிருந்து அவருடைய மூன்று முக்கியப் பிரச்சினைகளையும் அவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதையும் கோடுகளால் இணைத்து வரையச் சொன்னால், அதைப் பார்த்து எழுத முடியாது. மற்றொருவரின் நோயாளிக்கு அது பொருந்தாது. திருத்துவதற்கு ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் போதும்.

பிழை சுட்டுவதைப் பற்றி ஒன்று. நோயாளியின் எதிரிலோ அவருடைய உறவினரின் எதிரிலோ மாணவரைக் கடிந்துகொண்டால், அவர் அன்று கற்பது அடுத்தமுறை பிழையை எப்படி மறைப்பது என்பதை மட்டுமே. ஆபத்து என்றால் உடனே கையைத் தடுக்க வேண்டும், அதில் தயக்கம் கூடாது. பேச்சைத் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகத் தேர்வு. மாணவர்கள் எதைத் தேர்வில் கேட்கிறோமோ அதைத்தான் படிப்பார்கள், ஆகவே தேர்வும் ஒரு கற்பித்தல் முறையே. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்திய ‘ஆஸ்கி’ தேர்வில், மாணவர்கள் ஒவ்வொருவரும் வரிசையாக அமைந்த பல நிலையங்களுக்குச் சென்று, குறித்த நிமிடங்களுக்குள் தரப்பட்ட பணியைச் செய்ய, தேர்வாளர் முன்பே எழுதிவைத்த பட்டியலைக் கொண்டு மதிப்பெண் போடுகிறார். எல்லோருக்கும் ஒரே பணி, ஒரே அளவுகோல். தேர்வாளரின் முகம் பார்த்து மதிப்பெண் மாறும் பழைய வாய்மொழித் தேர்வைவிட நியாயமானது. நம் புதிய பாடத்திட்டமும் இதைக் கேட்கிறது. பட்டியலில் எதை எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘கை கழுவினார், பெயரைக் கேட்டு உறுதிசெய்தார், கருவியை எடுத்தார்’ என்று செயல்களை மட்டும் எண்ணினால் மீண்டும் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

ஒரு நிலையத்தில் கட்டில், பொம்மை எதுவும் வேண்டாம். மேசைமேல் அந்தக் குறிப்புத்தாள், பக்கத்தில் ஒரு தொலைபேசி. ஐந்து நிமிடம். எண்களைச் சரியாக வாசித்தால் ஒரு மதிப்பெண், போக்கைச் சொன்னால் இரண்டு, காரணத்தைச் சொன்னால் இரண்டு, தொலைபேசியை எடுத்து ‘இப்போதே வந்து பாருங்கள்’ என்று சொன்னால் ஐந்து.